மெடிக் பிழைத்தால் அணி பிழைக்கும்

சுடும் விளையாட்டில் சுடுபவர்தான் ஹீரோ என்று நானும் நினைத்திருந்தேன். வால்வ் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமில் மெடிக் ஆக ஆடிய பிறகே அது தவறு என்று புரிந்தது. 2011 முதல் இந்த கேம் இலவசம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் ஆடிப் பார்க்கலாம்.

மெடிக்கின் ஆயுதம் மெடி கன். அதைச் சக வீரர் மீது குறிவைத்து மவுஸின் இடது பட்டனை அழுத்தினால் அவருக்கு உயிர் ஏறும். கூடவே யூபர்சார்ஜ் என்ற சக்தியும் சேரும். காயம்பட்டவரையே தொடர்ந்து கவனித்தால் 40 விநாடிகளில் 100 சதவீதமாகிவிடும். பிறகு வலது பட்டனை அழுத்தினால், உங்கள் இருவரையும் 8 விநாடிகளுக்கு எந்தக் குண்டும் ஒன்றும் செய்யாது.

ஆரம்பத்தில் யார் கூப்பிட்டாலும் நான் ஓடினேன். ஒருமுறை 95 சதவீதத்தில் செத்தேன். மெடிக் செத்தால் சேர்த்த சார்ஜ் முழுவதும் பூஜ்யம்! அன்று எங்கள் அணியும் தோற்றது.

அதன்பின் நான் கடைப்பிடிக்கும் வழிகள் இவை:

1. வீரருக்கு முன்னால் போகாதீர்கள். சுவரோரமாகப் பின்னால் நில்லுங்கள்.

2. மெடி கன்னின் ஒளிக்கற்றை ஒருவரைப் பிடித்துவிட்டால், நீங்கள் திரும்பினாலும் விடாது. எனவே அடிக்கடி பின்னால் பாருங்கள். முதுகில் குத்தும் ஸ்பை அங்கேதான் வருவார்.

3. அடிபட்டு 15 விநாடி கடந்தவருக்கு மூன்று மடங்கு வேகத்தில் உயிர் ஏறும். சண்டையிலிருந்து ஒதுங்கி வந்தவரைச் சீக்கிரம் தேற்றி அனுப்பிவிடலாம்.

4. சார்ஜ் நிரம்பியபின் ஆபத்து நெருங்கினால் உடனே பயன்படுத்துங்கள். சேமித்து வைத்துச் சாவதில் லாபம் இல்லை.

முதலில் உங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அணியின் உயிர் அதில்தான் இருக்கிறது.