நெடுஞ்சாலை வருமுன் நாம் அறிய வேண்டியவை

சென்னையிலிருந்து ரயிலில் சாந்த்ராகாச்சி சென்றிறங்கும் நம் வாடிக்கையாளர்கள், நிலையத்தின் அருகிலுள்ள ஏரியைக் கண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் அதன் ஆகாயத்தாமரைத் திட்டுகளில் சீழ்க்கைச் சிறகிகள் திரளாக வந்து தங்கும். அதே வட்டாரத்தில்தான், வித்யாசாகர் சேதுவைத் தேசிய நெடுஞ்சாலைகளுடன் இணைக்கும் கோனா விரைவுச்சாலையும் செல்கிறது. அதன் நெரிசலைத் தீர்க்க ஏறத்தாழ 7 கி.மீ. நீளத்துக்கு ஆறுவழி உயர்மட்டச் சாலை திட்டமிடப்பட்டது. சாலையும் வேண்டும், ஏரியும் வேண்டும் என்ற நிலை நாட்டின் பல ஊர்களுக்குப் பொதுவானது. ஆகவே, இத்தகைய திட்டங்கள் எவ்வாறு ஆராயப்படுகின்றன என்பதையும், நிலமும் கடனும் உள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

சுற்றுச்சூழல் ஆய்வு

2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே இதற்கு அடிப்படை. புதிய தேசிய நெடுஞ்சாலைகளுக்கு முன் அனுமதி கட்டாயம். இருக்கும் நெடுஞ்சாலையை விரிவாக்கும்போது, நீளம் 100 கி.மீ.க்கு மேற்பட்டு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கூடுதல் அகலமும் தேவைப்பட்டால்தான் இந்த நெடுஞ்சாலைப் பிரிவு பொருந்தும். குறுகிய விரிவாக்கங்கள் இப்பிரிவின் கீழ் வருவதில்லை. ஆயினும் நீர்வடிகால், தூசு, ஒலி, இரவு ஒளி ஆகியவை பற்றிய கேள்விகள் அதனால் மறைந்துவிடுவதில்லை.

அனுமதி தேவைப்படும் திட்டங்களில், ஆய்வு வரம்பு வகுத்தல், வரைவறிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்பு, நிபுணர் குழுவின் மதிப்பீடு என்பது வரிசை. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். எழுத்து மூலமாகவும் கருத்து அனுப்பலாம்.

நில எடுப்பு

ஆய்வு முடிந்த பிறகே நிலத்துக்கு அறிவிக்கை வரும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. சென்னை - சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டத்தில் (277 கி.மீ.) வெளியான நில எடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருக்க வேண்டியதில்லை என்றும், பணி தொடங்குமுன் அதைப் பெற்றாக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

எனவே அறிவிக்கை வந்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, 3அ பிரிவு அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். ஓராண்டுக்குள் 3ஈ பிரிவு அறிவிப்பு வெளிவராவிடில், பொதுவாக முதல் அறிவிக்கை காலாவதியாகும். வெளிவந்தால், நிலம் எல்லா வில்லங்கங்களும் நீங்கி அரசுக்கு உரியதாகும். இழப்பீட்டுத் தொகையை ஏற்காதவர் நடுவரை அணுகலாம்.

அடமானம் வைத்த நிலமெனில்

‘வில்லங்கம் நீங்கி’ என்ற சொற்களைக் கண்டு, கடனும் தீர்ந்ததாகக் கருதிவிடலாகாது. அடமானம் நிலத்திலிருந்து நீங்குகிறது, கடன் நீங்குவதில்லை. சொத்து மாற்றச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவர் இழப்பீட்டுத் தொகையிலிருந்து தம் நிலுவையைக் கோர உரிமை உண்டு. வீட்டுக்கடன் தவணையைப் பாதியில் நிறுத்திவிட்டு இழப்பீட்டுக்குக் காத்திருப்பவர், வட்டியையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். ஆகவே, அறிவிக்கையில் தம் புல எண்ணைக் கண்டவுடன் அதன் நகலுடன் கடன் பெற்ற கிளையை அணுகி, நிலுவையை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

புதிதாக மனை வாங்குவோர் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், உத்தேசச் சாலைத் தடத்தையும் அரசிதழையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வருங்காலச் சாலையை வில்லங்கச் சான்று காட்டித்தராது. அதை முன்கூட்டியே காட்டுபவை திட்ட வரைபடமும் கருத்துக்கேட்பு அறிவிப்பும்தான். அவற்றைப் படிக்கச் செலவிடும் ஒரு மணி நேரம், ஏரிக்கும் பயன். நம் சேமிப்புக்கும் பயன்.