தொண்டைப் புற்றுநோயும் எச்.பி.வி. வைரஸும்

போட்டாதாங்கில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு குன்யா கடை இருக்கும். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடமும் உண்டு. புகையிலை சேர்ந்த தாம்பூலம் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்றும், புகையிலை சேராத தாம்பூலம்கூட வாய்ப்புற்றுநோயைத் தரும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் அறிவித்தது.

ஆனால் வெற்றிலையையோ சிகரெட்டையோ தொடாதவருக்கும் தொண்டைப் புற்றுநோய் வருகிறது. அதற்கு ஒரு முக்கிய காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி.

பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதும் இதே வைரஸ்தான். இதைக் கண்டறிந்த ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் 16ஆம் வகை டான்சிலிலும் அடிநாக்கிலும் தங்கிப் புற்றுநோயாக மாறக்கூடும். அமெரிக்காவில் இப்பகுதியில் வரும் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதம் இந்த வைரஸோடு தொடர்புடையவை. நம் நாடுகளில் புகையிலையே இன்னும் முதல் எதிரி.

பழி சொல்ல வேண்டாம்

இந்த வைரஸ் உடலுறவு மூலம், வாய்வழி உறவு உட்பட, பரவுகிறது. இதைக் கேட்டதும் சில குடும்பங்களில் சந்தேகமும் சண்டையும் கிளம்பிவிடுகின்றன. அன்பர்களே, இது மிகச் சாதாரணமான தொற்று. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். ஒரு சிலருக்கு மட்டும் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகிறது. ஆகவே இன்று நோய் தெரிந்ததை வைத்து யாருடைய நடத்தையையும் அளக்க முடியாது.

பிழைக்கும் வாய்ப்பு

2010ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முற்றிய நிலைத் தொண்டைப் புற்றுநோயாளிகளைக் கவனித்தது. மூன்றாண்டு முடிவில், வைரஸால் நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 82 பேர் உயிரோடிருந்தனர். வைரஸ் இல்லாதவர்களில் 57 பேர் மட்டுமே. புகையிலை, செல்லின் மரபணுக்களைப் பல இடங்களில் சிதைத்துவிடுகிறது. வைரஸால் வந்த கட்டியில் அந்தச் சேதம் குறைவு. அதனால் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் அது எளிதில் கட்டுப்படுகிறது.

இந்த நல்ல செய்தியைப் புகை கெடுத்துவிடும். வைரஸ் நோயாளியே ஆனாலும், நெடுநாள் புகைத்தவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவதை அதே ஆய்வு காட்டியது. "நல்ல வகை" என்று நம்பிச் சிகிச்சையைக் குறைத்துக்கொள்வதும் ஆபத்து. பக்கவிளைவைக் குறைக்க வழக்கமான சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதில் வேறு மருந்து கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில், பழைய மருந்து பெற்றவர்களே அதிகம் பிழைத்தனர்.

நாம் செய்ய வேண்டியவை

1. கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கத் தொண்டைவலி அல்லது காதுவலி, விழுங்கச் சிரமம், குரல் மாற்றம் - இவற்றில் எது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இங்கே கழுத்துக் கட்டி என்றாலே காசநோய் என்று நினைப்பது வழக்கம். ஊசி மூலமோ சதை எடுத்தோ பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டாம்.

2. டான்சிலிலோ அடிநாக்கிலோ புற்றுநோய் என்று தெரிந்தால், "பி16 பரிசோதனை செய்தீர்களா?" என்று கேளுங்கள். வைரஸின் அடையாளத்தை அதுதான் காட்டும்.

3. அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். நாடு விட்டு நாடு வந்த குடும்பங்களில் முதலில் தொலைவது காகிதங்கள்தான். அடுத்த ஊர் மருத்துவருக்கு அவை தேவைப்படும்.

4. தொண்டைக்கு முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. ஆகவே தடுப்பூசி முக்கியம். இலங்கையில் 2017 முதலும் மியன்மாரில் 2020 முதலும் சிறுமிகளுக்கான தேசியத் திட்டத்தில் இது சேர்ந்தது. ஆஸ்திரேலியா 2013லும் பிரிட்டன் 2019லும் பையன்களுக்கும் பள்ளியில் போடத் தொடங்கின. இடம் மாறி வந்த பிள்ளைகளுக்கு இரண்டு நாட்டிலுமே ஊசி தவறிப் போயிருக்கலாம். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. அதற்கு மேலும் போடலாம். மருத்துவரைக் கேளுங்கள்.

5. குன்யாவையும் புகையையும் இன்றே விடுங்கள். நோய் வந்த பிறகு விட்டாலும் பலன் உண்டு.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் கழுத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.