ராஃப்டுக்கு முன்னே போகும் சின்னப் படகு

விக்டோரியா அருவியில் 108 மீட்டர் விழுந்த பிறகு, சாம்பெசி ஆறு படோக்கா என்ற ஒடுக்கமான பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. ஒரு கரை சாம்பியா, மறு கரை ஜிம்பாப்வே. ஆறு சரிந்து கொந்தளிக்கும் ரேபிட்டுகளுக்கு இங்கே 1 முதல் 25 வரை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 1981 முதல் காற்றடைத்த ராஃப்டுகளில் இவற்றைக் கடந்து பார்க்க உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். புகைப்படங்களில் நாம் பார்ப்பது ராஃப்டில் அலறுகிறவர்களைத்தான். அவர்களுக்கு முன்னால் தனியாளாகக் கயாக்கில் போகும் உள்ளூர்க்காரர் பெரும்பாலும் படத்தில் வருவதில்லை. ஆனால், ஆற்றில் விழுந்தவர் கரையேறுவது பல நேரம் அவர் கையில்தான் இருக்கிறது.

ராஃப்ட் கனமானது. ரேபிட்டுக்குள் போய்விட்டால் நிறுத்தவோ, விழுந்தவரைத் தேடி மேலே திரும்பவோ முடியாது. கவிழ்ந்துவிட்டால் வழிகாட்டியும் தண்ணீரில்தான் கிடப்பார். கயாக் ஒல்லியான, இலகுவான ஒற்றை ஆள் படகு. இடுப்பைச் சுற்றி இறுக்கிய ரப்பர் உறை தண்ணீரை உள்ளே விடாது. தலைகீழாகக் கவிழ்ந்தாலும், துடுப்பை வீசி இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் உட்கார்ந்தபடியே நிமிர்ந்துவிடலாம்.

கயாக்கர் முதலில் இறங்கி, பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பும் இடத்தில் ஒதுங்கி நிற்பார். இரைச்சலில் குரல் எடுபடாது; பேச்செல்லாம் துடுப்பால்தான். செங்குத்தாகப் பிடித்தால் வரலாம், குறுக்காகப் பிடித்தால் நில். ஒரு பக்கம் சாய்த்தால், போக வேண்டிய பக்கம் அது. ஆபத்து இருக்கும் பக்கத்தை அவர் சுட்டவே மாட்டார். பதற்றத்தில் இருப்பவர் காட்டிய திசைக்கே போய்விடுவார் அல்லவா?

யாராவது விழுந்தால் பாய்ந்து போய்ப் பிடிப்பதில்லை. இரண்டு மூன்று முழம் தள்ளி நின்று, "என்னைப் பாருங்கள்" என்று கத்துவார். பார்க்கிறவர், சொன்னதைச் செய்கிறவர் என்று தெரிந்தால்தான் படகின் முனையிலுள்ள பிடியை நீட்டுவார். மிரண்டவர் கயாக்கின் மேல் ஏறப் பார்ப்பார், இருவரும் கவிழ்வார்கள். அந்த ஓரிரு நொடி நிதானத்தில்தான் இந்தத் தொழிலின் முழுத் திறமையும் இருக்கிறது என்பேன்.

சாம்பெசியில் ஒரு வசதி, பெரும்பாலான ரேபிட்டுகளுக்குக் கீழே அமைதியான மடு உண்டு. அடுத்த சரிவு வருமுன் ஆட்களைச் சேர்க்க அவகாசம் கிடைக்கும். ஆனால் நீரின் அளவு மிகப் பெரிது. லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் சுழி சில நொடிகள் உள்ளே இழுத்து வைத்திருந்து, வேறோர் இடத்தில் மேலே விடும். எந்த இடம் என்று ஊகித்து அங்கே முன்கூட்டிக் காத்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் முதலைகளும் இருப்பதால், மடுவில் ஆளை அதிக நேரம் விட்டுவைக்கவும் முடியாது.

இந்த ஊகத்தைப் பயிற்சி வகுப்பு மட்டும் தந்துவிடாது. மேலே அங்கோலாவிலும் சாம்பியாவிலும் பெய்த மழையால் ஏப்ரல் வாக்கில் ஆறு உச்சத்தில் ஓடும். அக்டோபர், நவம்பரில் வடிந்து கிடக்கும். நீர்மட்டம் மாறினால் ரேபிட்டின் குணமே மாறிவிடும். பயணிகளை இறக்கிக் கரையோரமாக நடத்திக் கூட்டிப்போகும் 9-ஆம் எண் ரேபிட்டைப் போன்ற இடங்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்த்துப் பழகியவர்கள் உள்ளூர்க்காரர்கள். ராஃப்டுகளைத் தோளில் சுமந்து செங்குத்தான பாதையில் ஏற்றும் கூலி வேலையில் தொடங்கி, கயாக் கற்றுக்கொண்டவர்கள் இவர்களில் பலர்.

அருவிக்குக் கீழே சுமார் 50 கி.மீ. தொலைவில் 2,400 மெகாவாட் அணை கட்டும் திட்டம் இரு நாடுகளிடமும் நெடுநாளாக இருக்கிறது. கட்டினால் ரேபிட்டுகளில் பெரும்பாலானவை நீர்த்தேக்கத்தில் மூழ்கும். மின்வெட்டில் தவிக்கும் மக்களின் தேவை உண்மையானது. என்றாலும், இழப்பீட்டுக் கணக்கில் இந்த ஆற்றுத் தொழிலாளர்களையும் சேர்க்காமல் அணையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

ராஃப்டிங் போகிறவர்கள், அது சாம்பெசியோ ரிஷிகேஷோ, பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: கூட வரும் கயாக்கர்கள் எத்தனை பேர்? விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் பக்கம் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கப் பார்த்தால் கால் பாறையிடுக்கில் சிக்கும். கயாக் வந்ததும் பிடியைப் பற்றி, கயாக்கர் சொல்லும்போது காலை உதையுங்கள்.