பக்கத்து நிறம்

1824-ல் பாரிஸின் கோபெலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்கு ஒரு வேதியியலாளரைத் தலைவராகப் போட்டார்கள். பெயர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல். கொழுப்பை ஆராய்ந்தே பேர் வாங்கியவர். இன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பயந்துகொண்டே தேடும் கொலஸ்ட்ராலுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். கோபெலான், அரண்மனைச் சுவர்களுக்குச் சித்திரத் திரைச்சீலைகள் நெய்து கொடுத்த கூடம். பதவிக்கு வந்த ஷெவ்ரலிடம் முதலில் வந்து சேர்ந்தவை புகார்கள். சில இளநீலங்களும் ஊதாக்களும் சாயம் நிற்காமல் வெளுக்கின்றன என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. இன்னொரு புகார்தான் விசித்திரம்: நீல, ஊதா ஆடைகளின் மடிப்பில் நிழல் காட்டப் போடும் கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லையாம்.

ஷெவ்ரல் பிரான்ஸின் நல்ல பட்டறைகளிலிருந்தும், லண்டன், வியன்னாவிலிருந்தும் கறுப்புக் கம்பளி நூல்களை வரவழைத்துத் தங்கள் நூலோடு ஒப்பிட்டார். கோபெலான் கறுப்பு எதற்கும் சளைத்ததாக இல்லை. தனியே வைத்தால் அட்டக்கறுப்பு. நீலத்தை ஒட்டி நெய்தால் சோகை பிடித்த கறுப்பு. சாயத்தொட்டியில் தேட வேண்டிய கோளாறு பார்ப்பவரின் கண்ணுக்குள் போய்விட்டது.

அதன் பின்னால் போய் ஷெவ்ரல் 1839-ல் ஒரு தடித்த புத்தகமே வெளியிட்டார். அவர் கண்ட விதி இது: இரண்டு நிறங்களை அடுத்தடுத்து வைத்தால், கண் அவற்றுக்கு இடையிலான வேற்றுமையைக் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு நிறமும் தன் எதிர்நிறத்தைப் பக்கத்து நிறத்தின் மேல் இலேசாகப் பூசும். சிவப்பு தன் பக்கத்தில் இருப்பதைப் பச்சை பக்கம் தள்ளும். மஞ்சள், ஊதா பக்கம் தள்ளும். நீலம், ஆரஞ்சு பக்கம் தள்ளும். கறுப்பின் மேல் ஆரஞ்சுச் சாயல் படிந்தால் அது பழுப்பாகத்தானே தெரியும்? கோபெலான் நெசவாளர்கள் குறைபட்டது அந்தப் பழுப்பைத்தான்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு வியாபாரத் தகராறு. துணி வியாபாரிகள் சிலர் சிவப்பு, ஊதா, நீலத் துணிகளைக் கொடுத்து, கறுப்பில் பூவேலை அச்சடித்துத் தரச் சொன்னார்கள். வேலை முடிந்து வந்ததும் சண்டை. சிவப்புத் துணியில் பூ பச்சையாக இருக்கிறது, ஊதாவில் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கிறது, நீலத்தில் செம்புப் பழுப்பாக இருக்கிறது. நாங்கள் கேட்டது கறுப்பு என்றார்கள். ஷெவ்ரல் வெள்ளைக் காகிதத்தை வெட்டித் துணியின் தரையை மட்டும் மறைத்து, பூவை மட்டும் வெளியே தெரியவிட்டார். மூன்றிலும் பூ கறுப்பு. காகிதத்தை எடுத்தால் மறுபடி பச்சை, மஞ்சள், செம்பு. அச்சடித்தவர் ஏமாற்றவில்லை. குறை சொன்ன வியாபாரிகளும் பொய் சொல்லவில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு துண்டுகள் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளின் நடுவிலும் மற்றதைப் பச்சைத் தாளின் நடுவிலும் வையுங்கள். சிவப்பின் மேல் உள்ளது இலேசாகப் பச்சையோடும், பச்சையின் மேல் உள்ளது இலேசாகச் சிவந்தும் தெரியும். நம்பும்படியாக இல்லையா? இரண்டின் மேலும் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் போர்த்துங்கள். நிறங்கள் மங்கினால் மாயமும் குறைய வேண்டும் என்று தோன்றும். நேர்மாறாக, அது கூடிவிடும். 1855-ல் ஹெர்மன் மேயர் என்ற ஜெர்மானியர் கவனித்த விஷயம் இது. இப்போது காகிதத்தை எடுத்துவிட்டு, சாம்பல் துண்டுகளைச் சுற்றிப் பேனாவால் கறுப்புக் கோடு போடுங்கள். சாயல் பெரும்பாலும் அடங்கிவிடும். எல்லை அழுத்தமாக இருந்தால் பக்கத்து நிறத்தின் செல்வாக்கு குறைகிறது. கோடு போட்டு நிறம் தீட்டும் ஓவியத்தில் நிறங்கள் தத்தம் இடத்தில் அடங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண் ஏன் இப்படிச் செய்கிறது? அமெரிக்கக் கடலோரத்தில் வாழும் குதிரைலாட நண்டிலிருந்து ஒரு விடை கிடைத்தது. அதன் கண்ணில் ஒளி உணரும் அலகுகள் பெரியவை, நரம்பில் மின்கம்பி வைத்து அளக்க வசதியானவை. ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் என்ற ஆய்வாளர் ஓர் அலகின் மேல் ஒளி பாய்ச்சிவிட்டு அதன் பக்கத்து அலகுக்கும் ஒளி கொடுத்தார். முதல் அலகின் துடிப்பு குறைந்தது. அதாவது ஒவ்வொரு அலகும் தான் பார்ப்பதைச் சொல்வதோடு பக்கத்தில் இருப்பவற்றை அடக்கவும் செய்கிறது. இதனால் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடம் மிகையாகிக் கூர்மையடைகிறது. 1967-ல் ஹார்ட்லைனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் விழித்திரையிலும் இதே போன்ற அடக்குதல் உண்டு. அதற்கு மேல், சிவப்பைப் பச்சையோடும் நீலத்தை மஞ்சளோடும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடும் செல்கள் மூளைக்குப் போகும் வழியிலும் மூளையிலும் உள்ளன. நாம் பார்க்கும் நிறம் அந்த ஒப்பீடுகளைக் கடந்துதான் வருகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நண்பகல் வெயிலில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். இரவில் வீட்டு விளக்கடியில் 100 லக்ஸ் அளவுதான். வெயிலில் விரித்த செய்தித்தாளின் கறுப்பு எழுத்து, தன் மேல் விழுவதில் நூற்றில் ஐந்து பங்கைத் திருப்பி அனுப்பினாலும், இரவு விளக்கில் அதே தாளின் வெள்ளைப் பகுதி அனுப்புவதைவிடப் பல மடங்கு அதிக ஒளி அதிலிருந்து வருகிறது. கண் வெறும் ஒளிமானியாக இருந்திருந்தால், இரவில் பார்த்த வெள்ளையைவிடப் பகலில் பார்க்கும் கறுப்பு வெளுப்பு என்றே சொல்லியிருக்கும். அக்கம்பக்கத்தோடு ஒப்பிடுவதால்தான் எழுத்து எப்போதும் கறுப்பு, தாள் எப்போதும் வெள்ளை. கோபெலானில் புகாராக வந்ததும் இதே திறமைதான்.

பள்ளி ஓவிய வகுப்பில் கலையின் அடிப்படைக் கூறுகள் என்று ஒரு பட்டியல் தருவார்கள்: கோடு, வடிவம், நிறம், வெளி, இழைநயம். அடுத்த பக்கத்தில் வடிவமைப்பின் கோட்பாடுகள்: சமநிலை, முரண், ஒத்திசைவு, தாளம். முதலாவது மளிகைச் சாமான், இரண்டாவது சமையல் முறை என்பது போலப் பிரித்திருக்கும். தேர்வுக்குப் படிக்க வசதிதான். ஆனால் நிறம் என்ற கூறு முதலில் வந்து, முரண் என்ற கோட்பாடு பிறகு வந்து அதை அடுக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. முரண் நடந்து முடிந்த பிறகுதான் நிறமே கண்ணில் உருவாகிறது. கோட்டுக்கும் இதே கதைதான்: இரண்டு வெளிச்ச அளவுகள் மாறுபடும் இடத்தில்தான் கண்ணுக்கு விளிம்பு கிடைக்கிறது.

நிறப் பரப்பின் அளவு மாறினால் ஆட்டமும் மாறும். இதைக் காஞ்சிபுரம் பட்டில் கண்கூடாகப் பார்க்கலாம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைத்துக் கோர்வையாக நெய்த புடவையில், அகலமான இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று உசுப்பிவிடுகின்றன. கடைகளில் கான்ட்ராஸ்ட் பார்டர் என்று எடுத்துப் போடுவது இதைத்தான். அதே அரக்கையும் பச்சையையும் பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என்று கலந்து நெய்தால், இழைகள் தனித்தனியே தெரியாத அளவுக்கு மெல்லியவை என்பதால் கண் அவற்றைக் கலந்துவிடும். எதிர்நிறங்கள் கலந்தால் மங்கிப் போகும். நீலத்தையும் பச்சையையும் போல நெருங்கிய நிறங்களைக் கலந்தால் மயில் கழுத்து பிறக்கும். மடிப்பு திரும்பும்போது ஒரு நிறம் முன்னால் வரும், மற்றது ஒதுங்கும். எதிர்நிற நூல்களைக் கலக்கினால் பொலிவு போய்விடும் என்று ஷெவ்ரலும் தன் நெசவாளர்களை எச்சரித்திருந்தார்.

ஓவியர்கள் அவரை விடவில்லை. ஜார்ஜ் சூரா அவருடைய புத்தகத்தைப் படித்தவர். 1884-ல் தொடங்கி 1886-ல் முடித்த ‘கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு’ ஓவியத்தில், இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம் முழுவதும் சிறு சிறு தீற்றல்களாகவும் புள்ளிகளாகவும் நிறத்தை வைத்தார். அதில் அவர் நம்பிப் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறத் தொடங்கியது. புல்வெளியில் வெயிலாக மின்ன வேண்டிய புள்ளிகள் இன்று மண் நிறத்தில் இருக்கின்றன. வேறு ஓவியமாக இருந்தால் ஒரு மஞ்சள் போனது என்று விட்டுவிடலாம். இங்கே அதைச் சுற்றியுள்ள பச்சைகளும் கூடவே மாறிப்போயின. சாயம் மாறாத பச்சைகளுக்கும், எந்த மஞ்சளை நம்பி அவை வைக்கப்பட்டனவோ அது இல்லை. இப்போது சிகாகோவில் உள்ள அந்தப் படத்தில் சூரா நினைத்த வெயிலை யாரும் பார்க்க முடியாது. கணினியில் திருத்திய பிரதியில்தான் ஓரளவு ஊகிக்கலாம்.

ஷெவ்ரல் 102 வயது வரை வாழ்ந்தார். ஐஃபல் கோபுரத்தில் பொறித்த 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களில் அவருடையதும் உண்டு. கோபுரம் திறந்த பத்து நாளுக்குள், 1889 ஏப்ரலில் காலமானார். ராணுவச் சீருடை, பூந்தோட்டம், வரைபடம் என்று தன் விதியை அவர் கொண்டுபோகாத இடமில்லை. ஜவுளிக் கடையும் அதில் ஒன்று. வாங்க வந்தவரிடம் பதினான்கு சிவப்புத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், கடைசி ஆறேழு துணிகள் முதலில் பார்த்தவற்றைவிட மட்டம் என்று அவருக்குத் தோன்றும் என்கிறார். சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சோர்ந்து, பச்சைச் சாயலைத் தானாகவே சேர்க்கத் தொடங்கிவிடுகிறது. சிவப்பின் மேல் பச்சை படிந்தால் பொலிவு போகும். அதற்கு அவர் சொன்ன பரிகாரம், நடுவில் கொஞ்ச நேரம் பச்சைத் துணிகளைக் காட்டுவது. கல்யாணப் புடவைக்காகத் தியாகராய நகரில் உட்கார்ந்து கூறைச் சிவப்பாகவே பார்த்துக்கொண்டிருக்கும்போது, விற்பனையாளர் கேட்காமலேயே ஒரு கிளிப்பச்சையை எடுத்து விரித்தால் கோபப்பட வேண்டாம். ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு, ஒதுக்கி வைத்த சிவப்பை மறுபடி எடுத்துப் போடச் சொல்லுங்கள்.