பஞ்ச காலத்தில் உயிரணு

வீட்டில் வருவாய் சுருங்கினால் பொறுப்புள்ள இல்லத்தரசி என்ன செய்கிறாள்? புதுப் பொருள் வாங்குவதை முதலில் நிறுத்துகிறாள். பழந்துணியைத் தைத்துப் பயன்படுத்துகிறாள். அடுப்பு மட்டும் அணையாதவாறு காத்துக்கொள்கிறாள். இதே சிக்கனத்தை நம் உடலின் உயிரணுக்களும் கைக்கொள்கின்றன என்பதை நம்மில் பலர் அறியோம்.

உயிரணுவின் தலையாய தொழில்களுள் ஒன்று புரதம் ஆக்குவது. மரபணுவிலிருந்து படியெடுத்து வரும் ஓலையைப் படித்து, அமினோ அமிலங்களை மணிகளைப்போல் கோத்துப் புரதமாக்குபவை ரைபோசோம் எனும் நுண்ணிய தொழிற்கூடங்கள். இதற்காகும் செலவோ பெரிது. உயிரணுவில் நாணயமாகப் புழங்குவது ஏ.டி.பி. என்னும் பொருள். ஒரு மணியைக் கோக்க ஏறத்தாழ 4 நாணயங்கள் செலவாகின்றன. 300 மணிகள் கொண்ட புரதத்திற்கு 1,200 நாணயங்கள் வேண்டும்!

நாணயம் குறைவதை உணர்ந்து எச்சரிக்க ஒரு காவலாளும் உண்டு. ஏ.டி.பி. செலவாகி ஏ.எம்.பி. என்னும் செல்லாக்காசு பெருகியதும், ஏ.எம்.பி.கே. எனும் நொதி விழித்தெழுகிறது. ரைபோசோம்கள் மணி கோக்கும் வேகத்தை அது தணிக்கிறது. அத்துடன், உற்பத்தியை முடுக்கிவிடும் 'டோர்' என்ற மேலாளையும் அடக்குகிறது. இடர் நீங்க இன்றியமையாத சில புரதங்கள் மட்டும் தொடர்ந்து உருவாகின்றன. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிர் தந்த ராப்பாமைசின் என்னும் மருந்தை ஆராய்ந்த மைக்கேல் ஹால் குழுவினர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1991-இல் இந்த டோரைக் கண்டறிந்தனர்.

டோர் ஓய்ந்ததும் மற்றொரு வேலை தொடங்குகிறது. உயிரணு தன்னிடமுள்ள பழுதான உறுப்புகளையும் பழைய புரதங்களையும் பையில் கட்டிச் செரித்து, அமினோ அமிலங்களை மீட்கிறது. இதற்குத் 'தன்னுண்ணல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை 1963-இல் சூட்டியவர், லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டியன் டி டுவே. பட்டினியிட்ட ஈஸ்ட் உயிரணுக்களில் இதன் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

இத்திறன் எப்போது தேவைப்படுகிறது? பிறந்தவுடனேயே! தொப்புள்கொடி அறுபட்டதும் தாயிடமிருந்து வந்த உணவு திடீரென நின்றுபோகிறது. 2004-இல் ஜப்பானிய அறிஞர்கள் சுண்டெலிக் குட்டிகளில் இதை ஆராய்ந்தனர். பிறந்த சில மணி நேரத்தில் அவற்றின் உடலில் தன்னுண்ணல் பெருகியது. ஓரிரு நாளில் தணிந்தது. அத்திறன் அற்ற குட்டிகளோ ஒரு நாளுக்குள் மடிந்தன. பாலின்றி விடப்பட்டபோது, இயல்பான குட்டிகள் 21 மணி நேரம் தாக்குப்பிடிக்க, இவை 12 மணி நேரமே வாழ்ந்தன. பாலைப் புகட்டியபோது இவற்றின் ஆயுளும் நீண்டது.

இவ்விடத்தில் நாம் சற்றே நிதானிப்போம். உயிரணுவின் சிக்கனம் உணவு வந்து சேரும்வரை அவகாசம் தருவதேயன்றி, உணவுக்கு ஈடாகாது. அப்படியிருக்க, பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரை நீரைத் தொட்டு வைத்துவிட்டு, மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கத்தைச் சில இல்லங்களில் நாம் கேட்டதுண்டு. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தரவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தையின் முதல் பஞ்சத்தைத் தீர்க்க வரும் அப்பாலை, பாட்டிமார்களே, தாய்மார்களே, வீணாக்காதீர்கள்!