பைப்பை விரித்துப் பார்ப்போம்

உங்கள் பள்ளிக் கொடிக்கம்பம் எத்தனை கிலோ இருக்கும்? பிடுங்கித் தராசில் வைத்துப் பார்க்கலாம் என்றால் தலைமையாசிரியர் சும்மா விடமாட்டார். ஆனால் வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருவரிடம் அதன் அளவை மட்டும் சொல்லிப் பாருங்கள். கைபேசியில் நான்கைந்து எண்களைத் தட்டி, “முப்பது கிலோ வரும்” என்பார். அவர் தட்டும் எண்களில் ஒன்று 0.02466. பட்டறைகளில் பலருக்கு இது மனப்பாடம். நாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். அதை நாமே உண்டாக்கிவிடலாம்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதே ஒரு லிட்டர் இடத்தை எஃகு அடைத்துக்கொண்டால் எடை 7.85 கிலோ. இப்போது ஒரு தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் கனம். அது அடைக்கும் இடம் 1000 × 1000 × 1, அதாவது பத்து லட்சம் கன மில்லிமீட்டர். அதுதான் சரியாக ஒரு லிட்டர்! ஆகவே அந்தத் தகடு 7.85 கிலோ. கனம் 2 மி.மீ. ஆனால் 15.7 கிலோ. அகலத்தைப் பாதியாக்கினால் எடையும் பாதி.

தகட்டை நிறுக்கத் தெரிந்துவிட்டால் பைப்பையும் நிறுக்கலாம். ஏனென்றால், நாம் பார்க்கும் பெரும்பாலான பைப்புகள் ஒரு காலத்தில் தகடாக இருந்தவைதான். ஆலையில் எஃகுத் தகடு பெரிய சுருளாக வந்து இறங்கும். அதை நீள நீளமான பட்டைகளாகக் கிழிப்பார்கள். ஒவ்வொரு பட்டையும் வரிசையாக நிற்கும் உருளைகளுக்கு நடுவே ஓடும்போது, ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி வளைந்து, கடைசியில் ஒன்றையொன்று தொடும். அந்த இடத்தில் மின்சாரம் பாய்ந்து விளிம்புகளைப் பழுக்கக் காய்ச்சும். பக்கத்து உருளைகள் அவற்றை அழுத்தி ஒட்டவைக்கும். வெட்டிய பைப் ஒன்று கிடைத்தால் உள்ளே பாருங்கள், நீளவாக்கில் மெல்லிய தழும்பு ஒன்று ஓடும். (விரலை விட்டுத் தடவ வேண்டாம். வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும்.) தழும்பே இல்லாத பைப்பும் உண்டு. பழுக்கக் காய்ச்சிய முழு எஃகுத் தண்டை நடுவில் துளைத்து அதைச் செய்கிறார்கள். 1880-களில் ஜெர்மனியின் மனஸ்மான் சகோதரர்கள் கண்டுபிடித்த முறை அது.

சரி, ஆலை செய்ததை மனசுக்குள் திருப்பிச் செய்வோம். பைப்பைத் தழும்பில் வெட்டி, விரித்து, தட்டையாக்குவோம். எவ்வளவு அகலமுள்ள பட்டை கிடைக்கும்?

“வெளிச்சுற்றளவுதான்” என்று பலர் சட்டென்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் கணக்கு உதைக்கும். தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் கொஞ்சம் இழுபடுகிறது, உள்பக்கம் கொஞ்சம் சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வட்டம்தான் பட்டையின் அகலத்தைச் சொல்லும். வெளிவிட்டத்தில் ஒரு கனத்தைக் கழித்தால் அந்த நடுவட்டத்தின் விட்டம். பட்டையின் அகலம், அதை 3.1416-ஆல் பெருக்கினால் வருவது.

இது ஏதோ குத்துமதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் நோட்டை எடுங்கள். பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து ஓட்டையின் பரப்பைக் கழித்துப் பாருங்கள். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை (a + b)(a − b) என்று பிரிப்பீர்கள் அல்லவா? அதைப் போட்டால் மீதி வருவது அச்சு அசலாக இதேதான்: 3.1416 × (வெளிவிட்டம் − கனம்) × கனம். எங்கேடா இந்த இயற்கணிதம் உதவும் என்று கேட்பவர்களுக்கு இதோ ஓர் இடம்.

அளவெல்லாம் மில்லிமீட்டரில் இருந்தால், மேலே வந்த பரப்பை 0.00785-ஆல் பெருக்க, ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோவில் வந்துவிடும். 3.1416-ஐயும் 0.00785-ஐயும் முன்கூட்டியே பெருக்கி வைத்துக்கொண்டால்? 0.02466. பட்டறை அண்ணனின் எண்!

ஒரு மீட்டரின் எடை = (வெளிவிட்டம் − கனம்) × கனம் × 0.02466

கொடிக்கம்பத்துக்கு வருவோம். நூலைச் சுற்றிச் சுற்றளவை அளந்து 3.1416-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைக்கும். 60.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், கடையில் இதற்கு இரண்டு இன்ச் பைப் என்று பெயர். கனம் 3.6 மி.மீ. என்றால், 56.7 × 3.6 × 0.02466 = 5.03 கிலோ. ஆறு மீட்டர் கம்பத்துக்கு முப்பது கிலோவும் கொஞ்சமும். மேலே மூடி போட்ட கம்பத்தில் கனத்தை எப்படி அளப்பது? அதற்கும் கருவி இருக்கிறது. பைப்பின் சுவருக்குள் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது உள்சுவரில் மோதித் திரும்பும் நேரத்தை அளக்கும். எஃகில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் ஓடும். 3.6 மி.மீ. போய்த் திரும்ப, நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம்!

இப்போது ஒரு விளையாட்டு. சூத்திரத்தில் கனத்தை ஏற்றிக்கொண்டே போங்கள். ஓட்டை சுருங்கிச் சுருங்கி, கனம் விட்டத்தில் பாதி ஆகும்போது காணாமல் போய்விடும். பைப் கம்பியாகிவிட்டது! கணக்கும் விட்டம் × விட்டம் × 0.006165 என்று மாறிவிடும். 0.006165-ஆல் பெருக்குவதும் 162-ஆல் வகுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டட வேலையில் கம்பி கட்டுபவர்களிடம் கேளுங்கள், “டி ஸ்கொயர் பை நூற்று அறுபத்திரண்டு” என்பார்கள். 12 மி.மீ. கம்பிக்கு 144 ÷ 162, மீட்டருக்கு 0.89 கிலோ.

சதுர பைப்புக்கும் இதே வித்தைதான்; இன்னும் சுலபம், 3.1416 கூட வேண்டாம். 40 × 40, கனம் 2 மி.மீ. என்றால், ஒரு பக்கத்துக்கு 40 − 2 = 38; நான்கு பக்கத்துக்கு 152. அதை 2-ஆலும் 0.00785-ஆலும் பெருக்க 2.39 கிலோ. ஆனால் கடைக்காரர் வைத்திருக்கும் அட்டவணை 2.31 என்கிறது. யார் தப்பு? மூலைகளைப் பாருங்கள், கூராக இல்லாமல் உருண்டிருக்கும். பல ஆலைகளில் முதலில் வட்டமாக ஒட்டிவிட்டு, பிறகு உருளைகளால் நசுக்கித்தான் சதுரமாக்குகிறார்கள். நாம் கூரான மூலை என்று எண்ணிக் கூட்டிய இரும்பு அங்கே கிடையாது.

எடை தெரிந்தால் என்ன லாபம்? எடை வழியாகக் கனத்தைப் பிடிக்கலாம், அதுதான் லாபம். தண்ணீர்க் குழாய்க்கு வரும் பைப்பில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று ரகம். இந்தியத் தர நிர்ணயப்படி லைட்டுக்கு மஞ்சள், மீடியத்துக்கு நீலம், ஹெவிக்குச் சிவப்பு என்று பட்டை அடித்திருப்பார்கள். ஒரு இன்ச் பைப்பை எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 33.7 மி.மீ. மரை போடவும் சாக்கெட் மாட்டவும் வெளிப்பக்கம் மாறக்கூடாது அல்லவா? அதனால் கனம் கூடினால் ஓட்டைதான் சிறுக்கும். (ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ. இந்தப் பைப்பின் உள்ளும் அந்த அளவு இல்லை, வெளியும் இல்லை! பழைய காலத்தில் பைப்பின் சுவர் தடிமனாக இருந்தபோது வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.) கனம் லைட்டில் 2.6, மீடியத்தில் 3.2, ஹெவியில் 4 மி.மீ. ஆறு மீட்டர் பைப்பின் எடையை நீங்களே போட்டுப் பாருங்கள்: 12, 14.4, 17.6 கிலோ வரும். பூச்சு இல்லாத பைப் ஒன்றை மீடியம் என்று சொல்லி ஒருவர் விற்க, தராசு 12 கிலோ காட்டினால், பட்டையின் வண்ணத்தை இன்னொரு முறை பார்ப்பது நல்லது. ஒன்றிரண்டு நூறு கிராம் வித்தியாசத்துக்கெல்லாம் சண்டைக்குப் போக வேண்டாம். கொஞ்சம் கூடக் குறைய இருக்க விதியே இடம் தருகிறது.

நடுவில் ஓட்டை விடுவதே இரும்பை மிச்சம் பிடிக்கத்தான் என்று நினைப்பீர்கள். அது பாதிதான். மீடியம் ரகத்தின் ஒரு மீட்டர் 2.41 கிலோ. அதே எடைக்கு முழுக்கம்பி செய்தால் விட்டம் 20 மி.மீ.கூட வராது. இரண்டையும் இரண்டு முனைகளில் தாங்கி, நடுவில் ஒரே பாரத்தைத் தொங்கவிட்டால் கம்பி, பைப்பைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வளையும்! வளையும்போது இழுபடுவதும் நசுங்குவதும் வெளி ஓரங்கள்தான். நடுவில் இருக்கும் இரும்பு சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து ஓரத்தில் வைத்ததுதான் பைப். ஒரு தாளைத் தட்டையாக இரண்டு டப்பாக்களுக்கு நடுவே பாலம் போல வையுங்கள், பென்சிலைக்கூடத் தாங்காது. அதே தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டி வைத்துப் பாருங்கள். கலிலியோ இதைக் கவனித்தார். தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்த அதே கலிலியோதான். 1638-ல் வெளிவந்த தன் நூலில், பறவையின் எலும்பும் நாணலும் ஏன் உள்ளே காலியாக இருக்கின்றன என்பதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார்.

சரி, கடைசியாக ஒரு கேள்வி. இரண்டு பக்கமும் அடைத்த இரும்பு பைப் தண்ணீரில் மிதக்குமா? நம் ஒரு இன்ச் பைப்பில் ஒரு மீட்டர் 0.89 லிட்டர் தண்ணீரைத்தான் விலக்கும்; எடையோ 2.41 கிலோ. மூழ்கிவிடும். ஆனால் வெளிவிட்டம் 219, கனம் 6 மி.மீ. பைப்புக்குக் கணக்குப் போடுங்கள். மீட்டருக்கு எடை 31.5 கிலோ, விலக்கும் தண்ணீர் 37.7 லிட்டர். மிதக்கும்!

கடலடியில் எரிவாயுக் குழாய் போடுபவர்களுக்கு இதுதான் தலைவலி. ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலுக்கு அடியில் ஜெர்மனிக்குப் போன நார்ட் ஸ்ட்ரீம் என்ற குழாய், நீளம் 1,224 கிலோமீட்டர், 2011-ல் வேலை செய்யத் தொடங்கியது. (2022-ல் அது உடைந்தது; விபத்தால் அல்ல, யாரோ வைத்த வெடியால்.) அதன் உள்விட்டம் 1,153 மி.மீ. சுவர் மெலிந்த இடத்தில் 26.8 மி.மீ. சூத்திரத்தில் போட்டால் மீட்டருக்கு 780 கிலோ. அது விலக்கும் தண்ணீரோ 1,143 கிலோ. அப்படியே விட்டால் கடல் அதைத் தூக்கி மேலே போட்டுவிடும். அதனால் பைப்புக்கு மேலே இரும்புத் தாது கலந்த கான்கிரீட்டைப் பூசினார்கள், 60 முதல் 110 மி.மீ. கனத்துக்கு. அந்தக் கான்கிரீட் தண்ணீரைப்போல் சுமார் மூன்று மடங்கு எடையுள்ளது.

கான்கிரீட் உறையும் ஒரு பைப்தானே? அதே சூத்திரம்தான், 7.85-க்குப் பதில் 3. உறை 100 மி.மீ. என்று வைத்தால் மீட்டருக்கு 1,231 கிலோ. எஃகோடு சேர்த்து 2,011. விலக்கும் தண்ணீர் இப்போது 1,554 கிலோ. மூழ்குகிறது! 12 மீட்டர் துண்டுக்குப் பெருக்கினால் 24 டன் வரும். உண்மையில் அந்தக் குழாய்த் துண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது.