சம்மனசின் முகம், பறவையின் இறக்கை

தமிழகத்துக் கத்தோலிக்கர்கள் ‘சம்மனசு’ என்று வாஞ்சையோடு அழைக்கும் வானதூதரை, எந்த ஓவியரும் எதிரே உட்காரவைத்து வரைந்ததில்லை. ஆனால் ஐரோப்பியத் தேவாலயங்களின் பீடங்களுக்கு வானதூதர் படம் இல்லாமல் முடியாது. ஆகவே கண்டவற்றைக் கொண்டு காணாத உருவத்தைக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அந்த வேலை எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்க லியனார்டோ டா வின்சியின் (1452–1519) ஓவியங்களே நல்ல இடம். முடிந்த படங்களோடு அவற்றுக்காக அவர் வரைந்த பயிற்சிச் சித்திரங்களும் சில மிஞ்சியிருக்கின்றன.

ஃபிளாரன்ஸில் ஓவியர் வெரோக்கியோவின் பட்டறையில் அவர் தொழில் கற்றார். உடையின் மடிப்பைப் படிப்பதற்கு அவர் கையாண்ட முறையை, ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார். முதலில் களிமண்ணில் ஓர் உருவம் செய்வார்; களிமண் குழம்பில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்துவார். துணி காய்ந்து விறைத்துக்கொண்டால் மடிப்பு கலையாது. பிறகு எத்தனை நாள் ஆனாலும் அதே ஒளியில், அதே நிழலை, பொறுமையாக வரையலாம். உயிருள்ள ஆள் மூச்சுவிட்டாலே மடிப்பு மாறிவிடும் என்பதை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

1472 வாக்கில் வரைந்த ‘மங்கள வார்த்தை’ ஓவியத்தில் மரியாவின் முன் கபிரியேல் தூதர் மண்டியிட்டிருக்கிறார். அவருடைய வலக்கைச் சட்டைக்கான பேனாச் சித்திரம் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஒரு சட்டைக்கைக்காக மட்டும் தனித் தாள்! ஓவியத்தில் இருக்கும் இறக்கையும் அப்படிப் பார்த்துப் படித்ததுதான். முந்தைய ஓவியர்கள் வானதூதருக்கு மயில்தோகை வண்ணத்திலும் பொன்னிலும் இறக்கை சூட்டினார்கள். இங்கே இருப்பது கனத்த தசையோடு தோளிலிருந்து எழும் வேட்டைப்பறவையின் இறக்கை. பின்னாளில் யாரோ ஒருவர் அதன் நுனியை நீட்டி வரைந்துவிட்டார். அந்த ஒட்டுவேலை பழுப்பாக, உயிரற்றுத் தெரிகிறது. பறவையைப் பார்த்த கை எது, பார்க்காத கை எது என்பதை அந்த ஒரே இறக்கை காட்டிவிடுகிறது.

1483 ஏப்ரலில் மிலான் நகரத்துச் சபை ஒன்று பீட ஓவியத்துக்கு லியனார்டோவோடு ஒப்பந்தம் செய்தது. ‘பாறைகளின் மாதா’ அதிலிருந்து பிறந்தது. அதில் வரும் வானதூதரின் முகத்துக்கான பயிற்சி என்று கருதப்படும் தாள் டூரின் நகரத்து அரச நூலகத்தில் இருக்கிறது. சிறிய தாள். அதில் ஓர் இளம்பெண் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாள். வரைந்த கருவி வெள்ளிக் கம்பி. தாளில் பூச்சு தடவி, கம்பியால் கீறினால் மெல்லிய கோடு விழும். நாளாக ஆகப் பழுப்பேறும். விழுந்த கோட்டை அழிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு கீற்றையும் யோசித்துத்தான் இழுக்க வேண்டும். முதுகும் தோளும் இரண்டு மூன்று கோடுகளோடு நின்றுவிடுகின்றன. முடிக்குக் கோடி காட்டியதோடு சரி. முழு உழைப்பும் இமையிலும் கன்னத்து நிழலிலும் இறங்கியிருக்கிறது. இடக்கைக்காரரின் சாய்கோடுகள் நெருக்கமாக ஓட, ஒளி படும் இடங்களில் வெள்ளை தொட்டுவைத்திருக்கிறார்.

இந்தப் பெண் சம்மனசாக மாறும்போதுதான் கற்பனை வேலை செய்கிறது. பாரிஸ் லூவரில் உள்ள ஓவியத்தில் அவளுடைய திரும்பிய தலையும் பார்ப்பவரை நோக்கும் கண்ணும் அப்படியே இருக்கின்றன. அலைஅலையான சுருள்முடி புதிதாக வந்திருக்கிறது. கன்னத்து எலும்பும் தாடையும் மென்மையாகி, ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத முகமாகிறது. இறக்கைகள் குகையின் இருளுக்குள் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. அது சரியான முடிவு. முகம் அவ்வளவு நம்பும்படி இருக்கையில் இறக்கை சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

கண்டதைக் கொண்டு காணாததைக் கட்டுவதே கற்பனைக்கு அவர் வைத்திருந்த விதி. இல்லாத பிராணியை இயல்பாகத் தோன்றும்படி வரைய, அதன் ஒவ்வோர் உறுப்பையும் இருக்கும் பிராணி ஒன்றிலிருந்து எடுக்கச் சொன்னார்: வேட்டைநாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, ஆமையின் கழுத்து. பறவைகளையும் அவர் அப்படிக் கூர்ந்து பார்த்தார்; அவை பறக்கும் விதத்தைக் குறித்து 1505 வாக்கில் எழுதிய ஏடும் அந்தப் பெண்முகத்தோடு டூரின் நூலகத்திலேயே இருக்கிறது.

இறக்கையைக் கையில் வைத்தே வரைந்தவர்களும் உண்டு. 1603இல் ரோம் நீதிமன்றத்தில் ஓவியர் ஒராசியோ ஜென்டிலெஸ்கி சாட்சி சொன்னபோது, தம்மிடமிருந்து சக ஓவியர் கரவாஜியோ ஒரு ஜோடி இறக்கைகளை இரவல் வாங்கியதைக் குறிப்பிட்டார்.

லியனார்டோவோ ‘பாறைகளின் மாதா’வை இரண்டாம் முறையும் வரைந்தார்; அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. லூவர் ஓவியத்தில் குழந்தை யோவானைச் சுட்டும் தூதரின் விரல் இதில் இல்லை, பார்வையும் நம்மை விட்டு விலகிவிட்டது. 2019இல் அக்கூடம் நுண்கருவிகளால் ஆராய்ந்தபோது, வண்ணத்துக்கு அடியில் அவர் வரைந்து கைவிட்ட வேறொரு வானதூதர் தெரிந்தார். சற்று உயரத்தில் இருக்கும் அந்தத் தூதர், குழந்தை இயேசுவை இன்னும் இறுக அணைத்தபடி குனிந்து பார்க்கிறார்.